சோபகிருதுவில் ஒரு சுபகிருது

தாத்தாவின் கருமாதிப் பத்திரிகையில் வருடம் தப்பாக அச்சாகிவிட்டது.

சோபகிருது என்று இருக்க வேண்டியது சுபகிருது என்று வந்துவிட்டது. சுபகிருது அதற்கு முந்தின வருடம். 2023 சித்திரை பிறந்ததுமே அது முடிந்துபோனது. தாத்தா போனது ஐப்பசியில். கடையில் முன்பே அடித்து வைத்திருந்த ஏதோ ஒரு பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றியிருக்கிறார்கள், வருடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் புரூஃப் அனுப்பி, "அக்கா, பாத்துச் சொல்லுங்க" என்றான். நான் இரண்டு தடவை பார்த்தேன். "ஓகே தம்பி, போட்டுடுங்க" என்று பதில் அனுப்பியதும் நான்தான்.

தாத்தா 1952இல் பதினாலு வயசில் கும்பகோணத்தில் ஓர் அச்சாபீஸில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1998இல் அந்த அச்சாபீஸ் பூட்டப்படும்வரை அச்சுக் கோத்தவர். நாற்பத்தாறு வருடம். கடைசி நாலு வருடம் அவருக்குப் புரூஃப் படித்துக் காட்டியது நான். எட்டு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும். அதனால்தான் அந்த ஓகே இன்னும் உறுத்துகிறது.

கையெழுத்துப் பிரதியை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அச்சாபீஸில் அதற்கென்று இருந்த ஆள் நின்றுபோன பிறகு, சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் தாத்தா என்னை உட்கார வைத்துக்கொள்வார். கும்பேஸ்வரர் கோயில் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது ஆபீஸ். உள்ளே நுழைந்தால் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. டிரெடில் என்கிற அச்சு மிஷின் டடக்... டடக்... என்று ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் வாய் மூடித் திறப்பதற்குள் ஒரு கை தாளை வைக்கும், இன்னொரு கை எடுக்கும். எனக்கு அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை.

"நிகழும் மங்களகரமான..." என்று நான் ஆரம்பிப்பேன்.

"நிறுத்து. மங்களகரமா, மங்கலகரமா? என்ன எழுதியிருக்கு?"

"ள தாத்தா."

"ம். மேல போ."

"திருவளர்ச்செல்வன்..."

"ச் இருக்கா?"

"இருக்கு."

"பாத்துச் சொல்றியா, பழக்கத்துல சொல்றியா?"

பழக்கத்தில்தான் சொல்லியிருப்பேன். அது அவருக்கு எப்படித் தெரியும் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பார்த்துப் படித்தால் குரல் ஒரு மாதிரி வரும், தெரிந்ததைச் சொன்னால் வேறு மாதிரி வரும் என்பார். "ஆயி, அர்த்தத்தப் படிக்காத. எழுத்தப் படி." எங்கள் பக்கம் பெண் குழந்தைகளை ஆயி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்திலோ அர்த்தம் புரிந்து படி என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் பின்னாலிருந்து முன்னாலே ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்வார். நேராகப் படித்தால் கண் தானே திருத்திக்கொண்டு போய்விடுமாம். போன் நம்பரை இரண்டு தடவை. முகூர்த்த நேரத்தை மூன்று தடவை. எல்லாம் முடிந்தால் கையை மண்ணெண்ணெயில் துடைத்து, பிறகு சவுக்காரம் போட்டு இரண்டு தடவை கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் என் கையைப் பிடிப்பார். அச்செழுத்தில் ஈயம் இருக்கிறது, பிள்ளைக்கு ஆகாது என்ற பயம். அவருக்கு மட்டும் ராத்திரி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் ஈயம் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. எண்பத்தைந்து வயசுவரை இருந்தார், ஆகையால் வாழைப்பழத்தை நான் கேலி செய்வதில்லை.

சம்பளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியும் கடப்பாவும். கும்பகோணத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்குக் கடப்பா என்றால் தரையில் போடுகிற கல்தான் ஞாபகம் வரும். இது பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சோம்பு மணக்கச் செய்வது. கடை வாசலில் எழுதிப் போட்டிருக்கும் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார். பலகையில் தப்பிருந்தால் அன்றைக்குக் கடப்பா இல்லை என்று அர்த்தமில்லை. சாப்பிட்டு, காசு கொடுக்கும்போது முதலாளியிடம் மெதுவாகச் சொல்வார். அடுத்த வாரமும் திருத்தாமல் இருந்தால் மறுபடி சொல்வார். அதே கடையில் ஒரு "சிற்றுண்டி" இரண்டு வருடம் "சிற்றூண்டி"யாக இருந்து, கடைசியில் முதலாளியே கூடுதல் கோட்டைச் சுரண்டிவிட்டார்.

அச்சுக் கோப்பதை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் கொம்பும் காலும் தனித்தனி அச்சு. ஆனால் கி, கீ, கு, கூ ஒவ்வொன்றும் தனி அச்சு. க்-கும் தனி. பதினெட்டு மெய்க்கும் இப்படியே போட்டுப் பாருங்கள். கேஸ் என்கிற மரத்தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். எது எந்த அறை என்று எங்கேயும் எழுதியிருக்காது. தாத்தா கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருப்பார், வலது கை தானாகப் போய் எடுத்து வரும். இடது கையில் எழுத்துகளை வரிசையாக அடுக்கும் ஸ்டிக், அதன் மேல் கட்டைவிரல். கடைசியாக வைத்த எழுத்து சாய்ந்துவிடாமல் கட்டைவிரல் பிடித்துக்கொண்டே நகரும். வரி தலைகீழாக இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். அதை அவர் சாதாரணமாகப் பேப்பர் படிப்பது போலப் படிப்பார். வேலை முடிந்தபின் அத்தனை எழுத்தையும் பிரித்து, அதனதன் அறையில் போட வேண்டும். கோப்பதைவிட அதுதான் சிரமம் என்பார். ஒரு எழுத்து அறை மாறி விழுந்தால் நாளைக்கு வேறொருவர் வீட்டுக் கல்யாணத்தில் போய் முளைக்கும்.

பிரிக்காமல் விட்டு வைப்பதும் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் எப்போதும் வருகிற வரிகள் இருக்கின்றனவே, அன்புடையீர், நிகழும் மங்களகரமான, சுபயோக சுபதினத்தில், தங்கள் நல்வரவை விரும்பும், இவற்றையெல்லாம் நூலால் கட்டித் தட்டில் வைத்திருப்பார்கள். கட்டி வைத்த மேட்டர். வேண்டும்போது எடுத்து நடுவில் பெயரைச் சொருகினால் போதும். வேலை மிச்சம். ஆனால் தாத்தாவுக்கு அதன்மேல் எப்போதும் ஒரு சந்தேகம்தான். "கட்டி வச்ச மேட்டர் ஆளக் கவுத்துடும். சித்திரை பொறந்து ஒரு மாசத்துக்கு அத நம்பாத" என்பார். ஏனென்றால் கவிழ்ந்தவர்.

1976. வைகாசியில் கல்யாணம். ஓர் அரிசி மண்டிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு ஐந்நூறு பத்திரிகை. சித்திரையில் வருடம் நளவாக மாறியிருந்தது. கட்டி வைத்த மேட்டரில் பழைய வருடம் அப்படியே இருந்தது. பழைய வருடத்தின் பெயர் என்ன தெரியுமா? ராட்சச. "நிகழும் மங்களகரமான ராட்சச வருடம்" என்று மஞ்சள் அட்டையில் சிவப்பு மையில் ஐந்நூறும் அச்சாகி, கட்டுக் கட்டி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மண்டிக்காரர் நேரே ஆபீஸுக்கு வந்து கட்டை மேசையில் போட்டாராம். "எம் பொண்ண என்ன ராட்சசனுக்கா குடுக்கிறேன்?"

இந்தக் கதையைத் தாத்தா சொன்னதில்லை. அப்பாயி சொல்லித்தான் தெரியும். அட்டைக் காசை இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களாம். அது போகட்டும், இரண்டு நாள் மனுஷன் சோற்றைத் தொடவில்லை என்பாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரை ஒன்றாம் தேதியும் குளித்துவிட்டு முதல் வேலையாக ஆபீஸுக்குப் போய், கட்டி வைத்த மேட்டர் எல்லாவற்றையும் அவிழ்த்து வருடத்தை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து பாயசம் குடிப்பார். ராத்திரியில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து அறுபது வருடத்தையும் முணுமுணுப்பார். பிரபவ, விபவ, சுக்ல, பிரமோதூத... கேட்டுக் கேட்டு அப்பாயிக்கும் மனப்பாடம். "எனக்கு அறுவது வருசமும் தெரியும், ஆனா ஆவன்னா தெரியாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் பிறந்தது அட்சய வருடம். என் வயசை யாராவது கேட்டால் தாத்தா விரல்விட்டு எண்ணாமல், அட்சய, பிரபவ, விபவ என்று எண்ணித்தான் பதில் சொல்வார்.

பெரிய கணக்குக்கு, பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் ஊரில் வருகிற மகாமகம். அவர் கையால் கோத்த மகாமகங்கள் நான்கு: 1956, 1968, 1980, 1992. ஊரில் அந்த ஒரு மாதம் அச்சாபீஸ்காரன் தூங்க முடியாது. நோட்டீஸ், அன்னதான ரசீது, விடுதி விவரம், வழிகாட்டிப் புத்தகம் என்று வேலை குவியும். மகாமகத்தன்று குளத்தில் முழுகுவதற்கு உலகமே வரும், தாத்தா ஆபீஸில் மை பூசிக்கொண்டிருப்பார். 1992இல் குளக்கரை நெரிசலில் பலர் செத்துப்போனார்கள். அன்றைக்கு மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தாத்தா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அவர் கோத்த நோட்டீஸ்கள் தெருவெல்லாம் மிதிபட்டுக் கிடந்தனவாம். வேலைக்கு ஒன்றாக எடுத்து வைக்கும் ஃபைல் காப்பிகளில் அந்த வருடத்தவற்றை மட்டும் அவர் யாருக்கும் எடுத்துக் காட்டியதில்லை.

2016 மகாமகத்துக்கு அவரை நான் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் குறைந்த ஒரு நாளாகப் பார்த்து, முழங்கால் அளவு தண்ணீரில் நிறுத்தித் தலையில் மூன்று சொம்பு ஊற்றினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முதலில் செய்தது எதிரே கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் படித்ததுதான். "அடுத்தது 2028. அதுக்கு நான் இருக்க மாட்டேன். நோட்டீஸ மட்டும் யாராச்சும் ஒழுங்காப் பாருங்க" என்றார்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் தாத்தாவைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. அந்த லை.

1978க்கு முன் அச்சான புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். லை, ளை, னை, ணை நான்குக்கும் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா மூன்றும் காலை உள்ளே சுருட்டிக்கொண்டிருக்கும். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆறும் அதே வகை. மொத்தம் பதின்மூன்று. பெரியார் 1930களிலேயே தன் பத்திரிகைகளில் இவற்றை மாற்றி எழுதிக் காட்டினார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போன நமக்கு இது வரலாறு. தாத்தாவுக்கு இது கேஸில் பதின்மூன்று அறை.

திட்டினாரா என்றால் இல்லை. பெரியார் செய்தது சரிதான் என்பார். "படிக்கிற பிள்ளைக்கு லேசாச்சு. எங்களுக்கு எழுத்து கொறைஞ்சுது, கை வீச்சு கூடிப்போச்சு" என்பார். முன்பு லை என்றால் ஒரே அச்சு, ஒரு தடவை கை போய்வந்தால் போதும். இப்போது இணைக்கொம்பு ஒரு தடவை, ல ஒரு தடவை. ஒரு பக்கத்தில் எத்தனை லை, எத்தனை னை வரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பழைய எழுத்துகளை எல்லாம் உருக்குவதற்கு எடை போட்டுக் கொடுத்தபோது, ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துவந்து பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எனக்கு விளையாட்டுச் சாமான் அதுதான். குலுக்கினால் நல்ல சத்தம் வரும்.

கோத்தது புது எழுத்து. எழுதியது கடைசிவரை பழைய எழுத்து. மளிகைச் சீட்டில், டாக்டரிடம் காட்டும் மாத்திரைக் கணக்கில், எல்லாவற்றிலும் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து நானும் அப்படியே எழுதப் பழகிவிட்டேன். மூன்றாம் வகுப்பில் சொல்வதை எழுதுதலில் "வேலை", "சென்னை", "மாலை", "பிள்ளை" எல்லாவற்றுக்கும் டீச்சர் சிவப்பு மையில் சுழித்துப் பத்துக்கு ஆறு போட்டார். அழுதுகொண்டே நோட்டைத் தாத்தாவிடம் காட்டினேன். வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப் பக்கத்தையும் படித்தார். "டீச்சர் போட்டது சரிதான் ஆயி. எழுவத்தெட்டுலயே மாறிப்போச்சு. எனக்குத் தெரியும், எங்கைக்குத்தான் இன்னும் சேதி வரல" என்றார். பிறகு இன்னொரு சொல்லைக் காட்டினார். "இங்க பாரு, வாழைப்பழத்துல ப் விட்டிருக்க. இத அவங்க பாக்கல. உனக்கு அஞ்சரைதான் வரணும்."

1998க்குப் பிறகு கொஞ்ச காலம், கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்கிற ஒரு டி.டி.பி. கடைக்குப் புரூஃப் பார்த்துக் கொடுத்தார். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண் மங்கியதும் அதுவும் நின்றது. நான் சென்னைக்கு வந்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். எண்களைச் சரிபார்க்கும் வேலை. அவருக்கு அதில் ஒரு பெருமை, "நம்ம வேலைதான், எழுத்துக்குப் பதிலா நம்பர்" என்று தெருவில் சொல்லிக்கொள்வார்.

கடைசி நாலு நாள் ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறல். முகமூடி மாட்டியிருந்தார்கள், பேச முடியாது. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து எதிர்ச் சுவரையே கையால் காட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரா, ஜன்னலா, நர்ஸைக் கூப்பிடவா என்று எல்லாம் கேட்டேன். தலையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போனார். திரும்பிப் பார்த்தேன். "எச்சில் துப்பாதிர்கள்" என்று ஒட்டியிருந்தது. தீயன்னா இல்லை. "பாத்துட்டேன் தாத்தா, சுழி இல்ல" என்றேன். கையைக் கீழே போட்டார். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

சரி, பத்திரிகைக்கு வருகிறேன்.

தப்பைக் கண்டுபிடித்தது நானில்லை, அப்பாயி. எழுத்துத் தெரியாதவள் எப்படி என்று கேட்காதீர்கள். கருமாதிக்கு ஆறு நாள் இருக்கும்போது கட்டைப் பிரித்து, "என்ன போட்டிருக்கு, படி கேப்போம்" என்றாள். படித்தேன். அர்த்தத்தைப் படிக்காமல் எழுத்தைப் படித்தேன், அதுவும் அவள் கேட்டதால்தான். "சுபகிருது வருடம் ஐப்பசி மாதம்" என்றதும் நிறுத்தச் சொன்னாள்.

"சுபகிருது போன வருசம்ல? சித்திரைலேருந்து சோபகிருது."

எனக்குக் கை கால் ஓடவில்லை. இருநூற்றைம்பதில் எழுபது ஏற்கெனவே வெளியூருக்குப் போயாகிவிட்டது. அப்பா, "இதையெல்லாம் எவன் பாக்கப் போறான், படிச்சதும் கிழிச்சுப் போடுறதுதானே" என்றார். அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். எங்கள் பக்கம் கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள், படித்துவிட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் சொல்லிவிட்டு அப்பாவுக்கே மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டு, மூன்று கறுப்புப் பேனா வாங்கிக்கொண்டு வந்தார்.

நான், அப்பா, சித்தப்பா மகன் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சு-வை ஒரு கோட்டால் அடித்து, மேலே சோ. சு, சோ. நூற்றெண்பது தடவை. அப்பாயி சுவரில் சாய்ந்துகொண்டு நாங்கள் அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். தாத்தா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். "ராட்சச" என்றாள், மேலே பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெரியாத தம்பிக்கு அப்பா அந்தக் கதையைச் சொன்னார்.

தாத்தா ஒவ்வொரு வேலையிலும் ஒரு காப்பியை எடுத்து வைப்பார். கல்யாணம், காதுகுத்து, கடைதிறப்பு நோட்டீஸ் எல்லாம் வீட்டில் டிரங்குப் பெட்டியில். கருமாதிப் பத்திரிகைகளை மட்டும் அப்பாயி உள்ளே விடவில்லை, அவை ஆபீஸிலேயே இருந்தன. ஆபீஸ் பூட்டியபோது அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். குளியலறைப் பரணில் பழைய பித்தளை அண்டாவுக்குப் பின்னால், பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்ததை எனக்குக் காட்டி, சொல்லாதே என்றும் சொல்லியிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து நான் சென்னைக்குக் கிளம்பும்போது, திருத்திய பத்திரிகையில் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இங்கே வந்து நாலு நாள் கழித்து அப்பாயி போன் பண்ணினாள். சாப்பிட்டியா, மழை பெய்யுதா, எல்லாம் கேட்டுவிட்டு, "நீ ஒண்ணு எடுத்துட்டுப் போனியே, அதக் கிழிச்சுப் போட்டியா?" என்றாள்.

"போட்டுட்டேன் அப்பாயி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"உங்க தாத்தாவும் இப்படித்தான் சொன்னாரு" என்றாள். "பரண்ல அண்டாவுக்குப் பின்னால இருக்கு, போன வாரந்தான் எறும்பு மருந்து போட்டு வச்சேன்."